நாலு பேர் கூடாரம்

வாலிநோக்கம் தாண்டி உப்பளம் முடிகிற இடத்தில்
தார்ச்சாலையும் முடிந்தது.
இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் கேட்டார்:
"இங்கேயா? ராத்திரியா? குடும்பத்தோடயா?"
மச்சான் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தலையாட்டு.
எனக்கும் அதே மூன்று கேள்விதான் இருந்தது.

ஒரு அடி வைத்தால்
அரை அடியைத் திருப்பித் தருகிற மணல்.
மபாஸ் தோளில் தண்ணீர்க் கேன்.
நஜ்வா துப்பட்டாவில் முடிந்த ஆறு முட்டைகள்.
என் கையில் தொதல் டப்பா.
அவர் முதுகில் கூடாரம்.

மேடு இறங்கினால் அந்தக் குழாய்.
எண்ணெய் தேடி வந்தவர்கள் பூமியைத் துளைத்து
வெந்நீர் கிடைத்த எரிச்சலில்
மூடாமலே போனார்களாம்.
துருப்பிடித்த வாயிலிருந்து
யாரும் கேட்காமல் கொட்டிக்கொண்டிருக்கிறது.
அணைத்த தீக்குச்சி வாசம்.
உடைமரங்களுக்கு நடுவே தானே வெட்டிய வாய்க்காலில்
ஆறிக்கொண்டே ஓடி
கடலோரப் பள்ளத்தில் தேங்கும்போது
குழந்தை பொறுக்கும் சூடு.

கூடாரம் அவருடைய முதலாளி கொடுத்தது.
உறையில் ஒரு படம்:
நாலு பேர் காலை நீட்டிச் சிரிக்கிறார்கள்.
முளைகளில் இரண்டைக் காணோம்.
பனங்கருக்கைச் சீவி அடித்தார்.
கயிறு இழுக்க, முடிச்சுப் போட,
காற்றுக்கு எந்தப் பக்கம் முதுகு காட்டுவதென்று பார்க்க
அவர் கைகளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.
பதினெட்டு நிமிஷம். மபாஸ் மணி பார்த்தான்.
எட்டு வருஷம் வீட்டில் ஒரு கொசுவலை கட்டாத மனுஷன்.

"அங்கேயும் இப்படித்தானா வாப்பா?"
"அங்கே சுனை பெருசு. சுற்றி மலை.
வியாழக்கிழமை சாயந்தரம் கிளம்புவோம்.
மூணு கூடாரம் அடிப்பேன்.
பாபா, மாமா, பிள்ளைங்க ஏழு பேர்."
"நீங்க எதுல படுப்பீங்க?"
அவர் முட்டைகளைத் துணியில் கட்டி
குழாயடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.
"வண்டி இருந்துச்சுல்ல" என்றார்.

பள்ளத்தில் இறங்கினோம்.
சேலையோடு கழுத்துவரைக்கும் நான்.
கீழே வெந்நீர், அலை ஏறும்போது
மேலாக ஒரு விரிப்பு குளிர்ந்த கடல்.
நஜ்வா ஒவ்வொரு அலைக்கும் கத்தினாள்.
அவர் முழங்கால் நனையுமட்டும் நின்றார்.
சட்டையைக் கழற்றச் சொன்னேன்.
"துணி காயணும், அடுப்பு மூட்டணும்" என்று
கரையேறிவிட்டார்.

இருட்டில் சுள்ளி வெடித்தது.
பரோட்டா, மாசிச் சம்பல்.
எங்கள் மூன்று பேருக்கும் வைத்துவிட்டு
எட்ட நின்றவரை
"யாரு வரணும்னு நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.
சிரித்தார். உட்கார்ந்தார். பாதி சாப்பிட்டார்.

நடுச்சாமத்தில் விழித்தேன்.
பிள்ளைகள் இருவர், ஒரு காலி இடம்.
ஜிப்பை மெல்ல இறக்கினேன்.
அடுப்புக் கங்கின் பக்கத்தில்
மணலில் உட்கார்ந்திருந்தார்,
கூடாரத்துக்கு முதுகைக் காட்டியபடி.
அப்படி உட்காரக் கற்பவனுக்குத்தான்
அந்த வேலை நிலைத்திருக்கும்.
முக்காடு போடாத பெண்கள் இருக்கிற பக்கம்
திரும்பாத முதுகு.
பதினோரு வருஷச் சம்பளம் அந்த முதுகுக்குத்தான்.
எங்கள் மாடிப்படியும், மபாஸின் பள்ளிக்கூடமும்,
என் காதில் இருக்கிறதும்.

"மச்சான்" என்றேன்.
திரும்பவில்லை.
"என்ன வேணும்?" என்று கேட்டது
எனக்குத் தெரியாத ஒரு குரல்.

பாயை வெளியே இழுத்தேன்.
சத்தத்தில் நஜ்வா எழுந்தாள்,
தலையணையோடு பின்னாலே வந்தாள்.
மபாஸ் தூக்கத்திலேயே
போர்வையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து
அவர் தொடையில் தலைவைத்து விழுந்தான்.
காலை அசைக்க முடியாமல்
அவர் படுத்தேயாக வேண்டியிருந்தது.
காற்று திரும்பி மணலை வீசியது.
நஜ்வாவின் கால் என் வயிற்றில்.
யாரும் உள்ளே போகவில்லை.

விடிந்து பார்த்தால்
கூடாரத்துக்குள் ஒரு நாய்,
உறைப்படத்தில் இருப்பவர்களைப் போலவே
காலை நீட்டி.

மபாஸ் முட்டைகளை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தான்.
ராத்திரி முழுக்க வெந்நீரில் கிடந்தவை.
உடைத்தால்
வெள்ளை இன்னும் கொழகொழவென்று,
மஞ்சள் மட்டும் கெட்டியாகி.
"இது வெந்ததா வேகலையா வாப்பா?"
அவர் அதை உள்ளங்கையில் வாங்கி
உப்புக்காகக் கையை நீட்டினார், என்னைப் பார்த்து.